மாண்புமிகு போச்சோங் அவர்கள் சமூகத்துக்கு

மன்னிப்புக் கேட்கும் கலையில் இந்தோனேசியாவை மிஞ்ச இன்று உலகில் ஒரு நாடும் கிடையாது. ஐக்கிய நாடுகள் சபை இதை இன்னும் அறிவிக்கவில்லை என்றால் அது அந்தச் சபைக்குத்தான் வெட்கக்கேடு. மற்ற தேசங்களில் நட்சத்திரங்கள் தப்புச் செய்கிறார்கள், பிறகு ஒளிந்துகொள்கிறார்கள், அல்லது அரசியலில் சேர்ந்துவிடுகிறார்கள். பண்பாடு போதாது. எங்கள் ஜகார்த்தாவில் ஒரு நட்சத்திரம் காலையில் தப்புச் செய்தால், சாயங்காலக் காபி ஆறுவதற்குள் ‘கிளாரிஃபிகாசி’ கொடுத்துவிடுவார். அகராதியில் இதற்கு ‘விளக்கம்’ என்று போட்டிருக்கும். ஜனங்கள் இதை ‘மன்னிப்பு’ என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டுமே அதில் இருக்காது. அதுதான் அதன் அழகு.

இந்தத் துறையில் அடியேனுக்குப் பதினோரு வருஷ அனுபவம். பெயர் விதாக்தோ. முன்பு டி.வி. தொடர்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாமியாரை எழுநூறு எபிசோடு ராட்சசியாக வைத்திருந்து, கடைசி நாலு நிமிஷத்தில் திருத்தி அழவைக்க வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் நகரின் தெபெத் பகுதியில் இருக்கும் ‘ஏழு வானம்’ கலைஞர் நிர்வாக நிறுவனம் என்னைக் ‘கிளாரிஃபிகாசிப் பிரிவுத் தலைவர்’ ஆக்கியது. பிரிவில் நான் ஒருவன்தான். இருந்தாலும் தலைவர் தலைவர்தானே.

நல்ல கிளாரிஃபிகாசிக்கு இலக்கணம் உண்டு. பின்னால் வெள்ளைச் சுவர். முகத்தில் மேக்கப் போடாத தோற்றம். அந்தத் தோற்றத்தை வரவழைக்க இரண்டு மேக்கப் கலைஞர்கள் ஒரு மணி நேரம் உழைப்பார்கள். எல்லா மதத்தாருக்கும் தனித்தனியாக ஒரு வணக்கம். ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகு என் படைப்பின் உயிர்நாடி வரும்: ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்...’ இந்த ‘இருந்தால்’ இருக்கிறதே, அது சாதாரண ‘ஆல்’ இல்லை. எங்கள் கலையுலகமே அந்த ஆலின் நிழலில்தான் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். புண்படாவிட்டால் வருத்தமும் இல்லை. புண்பட்டதா என்று நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் இலாகா இல்லை. கடைசியாக, காகிதத்தில் பத்தாயிரம் ரூப்பியா அரசாங்க முத்திரை வில்லையை ஒட்டி, கையெழுத்து பாதி வில்லைமேலும் பாதி காகிதத்திலும் விழுகிற மாதிரி போட்டுக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். எங்கள் ஜனங்கள் கண்ணீரைக்கூடச் சந்தேகப்படுவார்கள், வில்லையைச் சந்தேகப்படமாட்டார்கள்.

இத்தனை பீடிகையும் என் வாழ்நாளின் மிகச் சிறந்த கிளாரிஃபிகாசியைப் பற்றிச் சொல்லத்தான். அதை ஒரு பேய்க்கு எழுதினேன்.

எங்கள் நிறுவனத்தின் செல்லப்பிள்ளை ஆர்கானா சதேவா. வயது இருபத்தாறு. ‘இண்டிகோ’. எங்கள் ஊரில் இண்டிகோ என்றால் பிறக்கும்போதே மூன்றாவது கண் திறந்தவர் என்று அர்த்தம். வெறும் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு இப்போது டி.வி.யில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆர்கானா நடத்தும் நிகழ்ச்சியின் பெயர் ‘பக்கத்தில் யார்?’. கேமராவோடு ஓர் இடத்துக்குப் போவார், மூக்கைப் பிடித்துக்கொள்வார், உடம்பைச் சிலிர்த்துக்கொள்வார், அங்கே குடியிருக்கும் பேயின் பெயர், வயது, மனக்குறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பழைய டச்சு பங்களாக்களும் மூடிக்கிடக்கும் ஆஸ்பத்திரிகளும் தீர்ந்துபோன பிறகு, இருநூற்றுப் பதினாலாவது நிகழ்ச்சிக்கு அவர் சாப்பாட்டுக் கடைகள் பக்கம் திரும்பினார்.

சாப்பாட்டுக் கடையில் பேய்க்கு என்ன வேலை? வியாபார வசியம்! ஒரு கடையில் கூட்டம் அலைமோதுகிறதா, முதலாளி பேய் வைத்திருக்கிறார். ஈ ஓட்டுகிறாரா, பக்கத்துக் கடைக்காரர் பேய் வைத்திருக்கிறார். சமையல் நன்றாக இருக்கலாம் என்கிற மூடநம்பிக்கைக்கு இந்த விஞ்ஞானத்தில் இடமே கிடையாது.

தெபெத் ரயில் நிலையத்தை ஒட்டி வாகியெம் அம்மாள் ஒரு கடை வைத்திருந்தார். லாமோங்கான் ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர், கணவர் காலமாகிவிட்டார். மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்த கோழிச் சாற்றில் சேமியாவும் முட்டையும் போட்டு, இறால் அப்பளமும் பூண்டும் இடித்த பொடியை மேலே தூவித் தருவார். சோத்தோ. பத்தொன்பது வருஷமாக அந்தச் சோத்தோதான் அவருடைய சோத்துக்கு வழி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பச்சை ஜாக்கெட் போட்ட வாடகை பைக் ஓட்டிகளும், வங்கியில் வேலை பார்க்கும் பெண்களும், ரயிலைத் தவறவிட்டவர்களுமாக நாற்பது பேர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கக் குடிப்பார்கள். அந்தக் கூட்டம்தான் அவர் செய்த குற்றம்.

உச்சி வெயிலில் ஆர்கானா அந்தக் கடைமுன் நின்று சிலிர்த்தார். எங்கள் பேய்கள் உழைப்பாளிகள், பகல் ஷிப்டும் பார்க்கும்.

“பானைக்குப் பக்கத்துல ஒருத்தர் நிக்கிறார்” என்று கேமராவிடம் கிசுகிசுத்தார். “தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணி. உச்சந்தலையில முடிச்சு. போச்சோங்! ஐயோ... ஒவ்வொரு கிண்ணத்துலயும் துப்புறார். துப்பின பிறகுதான் ருசி ஏறுது.”

சவத்துணியின் முடிச்சை அவிழ்க்காமல் புதைத்துவிட்டால் அந்தப் பிணம் போச்சோங்காகிக் குதித்துக் குதித்து வரும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். நிகழ்ச்சியை ஒரு கோடியே பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். போச்சோங் வந்தது, வியாபாரம் போச்சு.

மூன்றாம் வாரம் வாகியெம் அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நாலடுக்கு டிபன் கேரியர்.

“நீங்கதான் மன்னிப்பு எழுதறவரா சார்?”

“கிளாரிஃபிகாசிப் பிரிவுத் தலைவர்மா.”

“ஏதோ ஒண்ணு. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். அந்தத் தம்பி வரட்டும். என் கடையில உக்காந்து, அதே கேமரா முன்னாடி, ஒரே ஒரு கிண்ணம் சாப்பிடட்டும். பேய் துப்பினதா இருந்தா சாப்பிடுவாரா? அதப் பாத்தா ஜனங்களுக்குப் புரிஞ்சிரும்ல?”

“கடை எப்படிம்மா போகுது?”

“எங்க சார் போகுது? கூட வேலை பாத்த ரெண்டு பொண்ணுங்களும் நின்னுட்டாங்க. நான் மட்டும் தெனமும் முழுப் பானை வெக்கிறேன். சாயங்காலம் சாக்கடையில கொட்டுறேன்.”

“பிறகு எதுக்கும்மா வைக்கிறீங்க? மூடிட வேண்டியதுதானே?”

“நல்லாச் சொன்னீங்க! மூடினா, ‘பாத்தியா, பேய் ஓடிருச்சு, அவளும் ஓடிட்டா’ம்பாங்க.” கேரியரின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “எங்க தெருவுல யார் வீட்டு விசேஷம்னாலும் என் பானைதான் சார் போகும். போன வெள்ளிக்கிழமை குர்ஆன் ஓதுற கூட்டத்துக்கு ஒரு தட்டு அனுப்பிச்சேன். மேல மூடின துணியக்கூடத் தூக்கிப் பாக்காம திருப்பி அனுப்பிட்டாங்க. பத்தொன்பது வருஷம் என் கையால சாப்பிட்டவங்க.”

அவர் கண் கலங்கியது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. சங்கடப்படுவதற்கு எங்கள் அலுவலகத்தில் படிவம் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

“இதையாவது சாப்பிட்டுப் பாருங்க சார். பாத்துட்டு, ‘நான் சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் ஆகலை’ன்னு நாலு பேர் கேக்க ஒரு வார்த்தை சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா எடுபடும்.”

அவர் போன பிறகு மூடியைத் திறந்தேன். அடடா! அந்த வாசனையைப் பற்றி அலுவலக நடையில் எழுத முடியாது. எலுமிச்சை பிழிந்து, பொடியைத் தூவி, ஒரு வாய் வைத்தவன் நாலடுக்கையும் வழித்துத்தான் நிமிர்ந்தேன். மறுநாளும் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் கணக்குப் பிரிவு மோப்பம் பிடித்துவிட்டது. ஐந்தாம் நாளிலிருந்து பதினொன்றரைக்கே எல்லோரும் கிண்ணத்தோடு என் அறை வாசலில் நின்றார்கள். அம்மாள் வாயெல்லாம் பல்லாக, கேரியருக்குப் பதில் குண்டானையே தூக்கிவர ஆரம்பித்தார்.

“சொன்னீங்களா சார்?” என்று தினமும் கேட்பார்.

“உரிய மேடையில சொல்றேன்மா” என்று தினமும் சொல்வேன்.

இந்தச் சமயத்தில்தான் உண்மையான பிரச்சினை வெடித்தது. ‘புலப்படா உயிர்கள் நல்வாழ்வுப் பேரவை’யின் தலைவர் கி வுலுங், இவரும் இண்டிகோதான், ஆனால் மூத்த இண்டிகோ, ஒரு கண்டன அறிக்கை விட்டார். அதன் சாரம் இதுதான்: போச்சோங்கின் உடம்பு முழுவதும் துணி சுற்றியிருக்கிறது. வாயும் துணிக்குள்ளேதான் இருக்கிறது. துணிக்குள்ளிருந்து எப்படித் துப்ப முடியும்? ஆர்கானா ஒரு கண்ணியமான பேயின் நற்பெயரைக் கெடுத்துவிட்டார். மூன்று பெருக்கல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மூன்று நாள் என்று எங்கள் நாட்டில் யாரும் கெடு வைப்பதில்லை. மூன்று நாள் என்றால் யார் பயப்படுவார்கள்? பெருக்கல் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

நாடு கொந்தளித்தது. ‘போச்சோங் துப்பாது’ என்ற முழக்கம் இரண்டே மணி நேரத்தில் முதலிடத்துக்கு வந்தது. பத்து லட்சம் பேர் போச்சோங்குக்கு நியாயம் கேட்டார்கள். சிலர் சுயவிவரப் படத்தையே வெள்ளைத் துணியாக மாற்றிக்கொண்டார்கள். ஆர்கானாவின் தலைமுடித் தைல விளம்பரக்காரர்கள், நிலைமை தெளிவாகும்வரை முடி கொட்டினாலும் பரவாயில்லை என்று விலகி நின்றார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. எங்கள் நிர்வாக இயக்குநர் தேவந்தி மேடம், வக்கீல் மோனாங், ஆர்கானா, நான். கூட்டம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வைக்கப்பட்டதால் நாலு பேர் முன்னாலும் வாகியெம் அம்மாளின் சோத்தோ ஆவி பறந்தது. கூட்டக் குறிப்பில் ‘சிற்றுண்டி வழங்கப்பட்டது’ என்று பதிவு செய்தேன்.

“முதல் பொருள்” என்றார் மேடம். “போச்சோங் துப்புமா, துப்பாதா?”

“மேடம், நான் பாத்தப்போ ஏதோ ஈரமா இருந்துச்சு” என்றார் ஆர்கானா, வாய் நிறைய முட்டையோடு. “அண்ணே, அந்தப் பொடிய இப்படித் தள்ளுங்க.”

எனக்கு ஒரு சந்தேகம். “தம்பி, தப்பா நினைக்காதீங்க. இதைச் சாப்பிட உங்களுக்கு அருவருப்பா இல்லையா?”

“எதுக்குண்ணே?”

“இது அதே பானை. அந்த எச்சில்...”

“ஓ, அதுவா!” சிரித்தார். “அது ஆபீசுக்கெல்லாம் வராதுண்ணே. லிஃப்டுக்குக் கார்டு வேணும்ல?”

மோனாங் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்தாலே மூன்றாம் மாடிவரை கேட்கும். “சட்டப்படி பாத்தா, போச்சோங்கிட்ட மன்னிப்புக் கேக்குறதுல நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. லாபம்தான்.”

“எப்படி?”

“பேய்கிட்ட மன்னிப்புக் கேட்டா, பேய் இருக்குன்னு ஆயிடுது. பேய் இருக்குன்னா, ஆர்கானா பாத்தது உண்மை. துப்பினது மட்டும்தான் கண் தவறு. யாருக்குத்தான் கண் தவறாது? அதுவும் மூணு கண்ணு இருக்கிறவருக்கு!”

மேடம் மேஜையைத் தட்டினார். “பிரமாதம்!”

“ஆனா தனிப்பட்ட ஒரு பேர் போடாதீங்க” என்றார் மோனாங். “ஒரு போச்சோங்னு போட்டா, நாளைக்கு இன்னொரு போச்சோங் கேஸ் போடும்.”

“பேய்க்கு வக்கீல் யார் சார்?” என்று கேட்டேன்.

“ஃபீஸ் குடுத்தா நானே ஆஜராவேன்.”

அப்போது, கிண்ணத்தின் அடியில் இருந்த கடைசிச் சொட்டை உறிஞ்சிக்கொண்டிருந்த எனக்கு ஏனோ வாய் சும்மா இருக்கவில்லை. “மேடம், அந்தச் சோத்தோக்கார அம்மா? அவங்க ரொம்ப அடிபட்டுப் போயிட்டாங்க. தெனமும் பானை பானையாக் கொட்டுறாங்க. நம்ம தம்பி ஒரு கிண்ணம் கேமரா முன்னாடி சாப்பிட்டா போதுங்கிறாங்க. இங்க சாப்பிடுறதை அங்க சாப்பிட்டா...”

ஆர்கானாகூட மெல்லுவதை நிறுத்தினார்.

“விதாக்தோ, நீங்க அனுபவஸ்தர்” என்றார் மோனாங் பரிதாபமாக. “அங்க சாப்பிட்டா, பேய் இல்லைன்னு ஆயிடும். பேய் இல்லைன்னா இவரு இண்டிகோ இல்லை. இண்டிகோ இல்லைன்னா இருநூத்துப் பதினாலு எபிசோடும் என்ன ஆகும்?”

“அதோட, அவங்க ஒரு ‘தரப்பு’ இல்லையே” என்றார் மேடம். “அவங்களுக்கு எத்தனை ஃபாலோயர்?”

“மத்தியானத்துல நாப்பது பேர் இருந்தாங்க மேடம்.”

“இப்போ?”

“இல்லை.”

“பாத்தீங்களா? போச்சோங்குக்குப் பத்து லட்சம் பேர் இருக்காங்க. யார்கிட்ட மன்னிப்புக் கேக்கிறது நியாயம், நீங்களே சொல்லுங்க.”

பெரும்பான்மையை மதிப்பதுதான் ஜனநாயகம். வாயைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

‘மாண்புமிகு போச்சோங் அவர்கள் சமூகத்துக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், கண்ணுக்குப் புலப்படாத இதர சகோதர சகோதரிகளுக்கும் பணிவான வணக்கம். தாங்கள் பல்லாண்டுகளாகத் தெபெத் ரயில் நிலையம் அருகே, எவருக்கும் இடையூறின்றி, சோத்தோ பானைக்கு அருகில் அமைதியாகக் குடியிருந்து வருவதை யான் அறிவேன். தாங்கள் துப்பியதாக யான் கூறியதால் தங்கள் மனம் புண்பட்டிருந்தால்...’ என்று போகும். எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினேன். மேடம் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

மன்னிப்பை எங்கே வைத்துக் கேட்பது? பேயின் சொந்த விலாசத்தில்தான். அதனால் வாகியெம் அம்மாளுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மறுநாள் அவர் குண்டானை இறக்கி வைத்ததும் சொன்னேன்: “அம்மா, நாளைக்கு மத்தியானம் ஆர்கானா உங்க கடைக்கு வந்து மன்னிப்புக் கேக்கறார். நேரலை.”

இந்த வாக்கியத்தில் ஒரு பொய்யாவது இருக்கிறதா என்று நீங்களே பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப்பாருங்கள்.

“நிஜமாவா சார்?” என்று என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். “உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும் சார். நீங்கதானே பேசி முடிச்சுக் குடுத்தீங்க? எனக்குத் தெரியும். சாப்பிட்ட கை சும்மா இருக்காது.”

நான் அடக்கத்தோடு தலை குனிந்தேன்.

மறுநாள் கடை பெருநாள் வீடு மாதிரி இருந்தது. ஸ்டூல்களை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். நின்றுபோன இரண்டு பெண்களையும் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். இரண்டு பானை கொதித்தது. தெருவே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. தட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் நின்றார்கள். பச்சைக் கெபாயா சட்டை உடுத்தி, தலையைப் படியச் சீவி முக்காடு போட்டு, ஒரு கிண்ணத்தைத் துடைத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பானைக்குப் பக்கத்தில் நின்றார் வாகியெம் அம்மாள். நான் வில்லை ஒட்டிய காகிதத்தோடு பானைக்கு இடதுபுறம், கேமராவில் விழும் படத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே நின்றேன். அலுவலக ஆட்கள் படத்தில் தெரியக் கூடாது என்பது எங்கள் விதி.

நாற்பது லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையில் ஆர்கானா வந்தார். கறுப்பு உடையில் கி வுலுங் பேயின் அதிகாரபூர்வப் பிரதிநிதியாக வந்தார். ஆர்கானா பானையைப் பார்த்துக் கைகூப்பி, தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார்.

“தங்கள் கண்ணியத்துக்கு என்னால் நேர்ந்த களங்கத்துக்காக, தலை வணங்கி...”

வாகியெம் அம்மாளுக்கு உதடு துடித்தது. “பரவாயில்ல தம்பி, விடுங்க” என்றார். “சின்ன வயசு, ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டீங்க. வந்தீங்களே, அதுவே போதும். முதல்ல உக்காந்து சாப்பிடுங்க, ஆறிடும்.”

“அம்மா! அம்மா!” என்று கேமராமேன் கத்தினார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவர மறைக்கிறீங்க.”

“யாரை?”

கேமராமேன் அவர் முதுகுப் பக்கம் கையைக் காட்டினார். அம்மாள் திரும்பிப் பார்த்தார். சுவர், ஒரு காலண்டர், ஆணியில் தொங்கும் கரண்டி. தள்ளி நின்றார்.

“...தாங்கள் பல்லாண்டுகளாக இந்தப் பானைக்கு அருகில் அமைதியாகக் குடியிருந்து வருவதை யான் அறிவேன்...”

“தம்பி,” என்றார் அம்மாள் மெதுவாக, “யார்கிட்டப் பேசுறீங்க?”

ஆர்கானா தொழில் தெரிந்தவர், நிறுத்தவில்லை. கடைசி வரி முடிந்ததும் கி வுலுங் காலியிடத்தின் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடி, திறந்து, “ஏத்துக்கிட்டார்” என்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைதட்டல். சிலர் அழுதார்கள்.

மன்னிப்பு ஏற்கப்பட்டதற்குக் கையெழுத்து வேண்டும். போச்சோங்கின் கை துணிக்குள் கட்டிக் கிடப்பதால் அவருக்குப் பதிலாக யார் போடுவது என்று மோனாங் முன்கூட்டியே யோசித்துவைத்திருந்தார். காகிதத்தின் கீழே ‘மேற்படியாரைப் பராமரித்து வருபவர்: வாகியெம்’ என்று தட்டச்சு செய்திருந்தேன். கேமராவில் கை மட்டும் தெரியும்படி பேனாவை நீட்டினேன்.

அம்மாள் வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, மேலிருந்து கீழே வரை படித்தார். கேமரா பொறுமையாகக் காத்திருந்தது.

“சார், இதுல நான்தான் பேயை வெச்சுக் காப்பாத்துறேன்னு போட்டிருக்கே?”

“அது சும்மா ஒரு வார்த்தைம்மா” என்று கிசுகிசுத்தேன். “ஒரு வார்த்தைதானே?”

“நான் உங்ககிட்டக் கேட்டதும் ஒரு வார்த்தைதானே சார்?”

காகிதத்தைப் பானை மூடிமேல் வைத்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றார். குரல் நடுங்கியது, ஆனால் தெருக்கோடிவரை கேட்டது.

“கடையில பேய் இல்லைன்னு இத்தனை நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். தப்பு. இருக்கு. இதோ, இங்கதான் நிக்குது.” விரலை நேராக என் நெஞ்சைப் பார்த்து நீட்டினார். “பத்து நாளா என் கையால வயிறு முட்டச் சாப்பிட்டுச்சு. நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கும்மான்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டுச்சு. வெளிய வந்தா வாயே திறக்க மாட்டேங்குது. இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியலை. நீங்களே சொல்லுங்க.”

கேமராமேன் கெட்டிக்காரர். விரல் காட்டிய பக்கம் கேமராவைத் திருப்பினார். விதியை மறக்காமல் நான் நிற்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திக்கொண்டார். கழுவிக் கவிழ்த்த கிண்ணங்களையும் வெறும் சுவரையும்தான் நாடு பார்த்தது. திரையில் செய்திகள் கொட்டின. ‘அங்கே யாருமே இல்லையே!’ ‘ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது!’ ‘அம்மாவும் இண்டிகோதான்!’ கி வுலுங் சுவரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஆமா, அங்க ஒண்ணு இருக்கு, புதுசு” என்று உறுதி செய்தார். காதுக் கருவியில் தேவந்தி மேடத்தின் குரல் ஆனந்தக் கூத்தாடியது: “விதாக்தோ, அந்தம்மாவ விடாதீங்க, இன்னிக்கே ஒப்பந்தம் போட்டுருங்க!”

அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. விரலை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தின் விளிம்புக்கும் என் காலுக்கும் நடுவில் ஓர் அடிதான் இருந்தது. அந்த ஓர் அடியை முன்னால் வைத்து, “நான் சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் ஆகலை” என்று சொல்லியிருந்தால் நாற்பது லட்சம் பேரும் கேட்டிருப்பார்கள்.

நான் ஓர் அடி பின்னால் வைத்தேன்.